ஊசி போட்ட பிறகு எண்ணுவது யார்?

காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியைத் தாம் ஏன் எதிர்க்கிறார் என்று விளக்கி 1955-இல் ராஜாஜி ஒரு சிறு நூல் வெளியிட்டார். இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும், முந்திய ஆண்டுவரை சென்னை மாநில முதலமைச்சராகவும் இருந்தவர் அவர். பயன் உறுதிப்படாத ஒரு மருந்தை, நலமாக இருக்கும் லட்சக்கணக்கான குழந்தைகளின் உடலில் அரசே முன்னின்று செலுத்துவது தகாது என்பது அவர் வாதம். மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கவுர் மறுபக்கம் நின்றார். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அவருக்குத் துணை. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 1948-இலேயே பி.சி.ஜி. தயாரிப்புக் கூடம் வந்துவிட்டது. ஊசி இருந்தது, போடுவதற்கு ஆள் இருந்தார்கள், பணமும் இருந்தது.

ராஜாஜியின் காரணங்களில் பல அறிவியலுக்கு ஒவ்வாதவை. ஆனால் அந்த விவாதத்தின் அடியில் நியாயமான கேள்வி ஒன்று கிடந்தது: இந்த ஊசி இந்த மண்ணில் எவ்வளவு வேலை செய்கிறது? அதற்கு அன்று யாரிடமும் விடை இல்லை. பிரிட்டனில் பள்ளி முடிக்கும் வயதுப் பிள்ளைகளிடம் 1950-இல் தொடங்கிய பெரிய சோதனையின் முதல் அறிக்கையே 1956-இல்தான் வந்தது. சுமார் 80 சதவீதப் பாதுகாப்பு என்றது அது. அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் நடந்த சோதனையோ மிகச் சொற்பமான பாதுகாப்பையே கண்டது. ஒரே ஊசிக்கு இரு நாடுகளில் இரு விடைகள். இந்தியாவுக்கு எது பொருந்தும் என்பதை இந்தியாவில் எண்ணித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

தடுப்பூசியின் வலிமை, புட்டியின் மேல் அச்சிட்டு ஒட்டிவிடக்கூடிய நிலையான அளவு என்ற எண்ணம் நம்மிடம் ஊறியிருக்கிறது. உண்மையில் அது இடத்துக்கு இடம் மாறும், ஆண்டுக்கு ஆண்டு மாறும், தவணைகளுக்கு இடையிலான இடைவெளியைப் பொறுத்தும் மாறும். ஆகவே ஊசி போடும் அரசுக்கு அதன் விளைவை எண்ணிக்கொண்டே இருக்கும் கடமையும் உண்டு. அந்தக் கடமைக்கான பணம் எங்கிருந்து வருகிறது, எப்போது நின்றுபோகிறது, நின்றால் என்ன ஆகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

செங்கல்பட்டு தந்த விடை

1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில், உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனை தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர்., உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை மூன்றும் சேர்ந்து அதற்குப் பணம் போட்டன. வீடு வீடாகப் போய் 3,66,625 பேரைப் பதிவு செய்தார்கள். அவர்களில் 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்கு உண்மையான பி.சி.ஜி., சிலருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. எவருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை அதே கிராமங்களில் முழுக் கணக்கெடுப்பு. நடுவில், நோய் வர வாய்ப்புள்ளவர்களைத் தேடித் தனிச் சுற்றுகள். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, கிருமி வளர்த்துப் பார்த்தல் என்று பதினைந்து ஆண்டு இந்த வேலை ஓடியது.

ஏழரை ஆண்டுக் கணக்கு 1979-இல் வெளியானபோது உலகெங்கும் காசநோய் வல்லுநர்கள் திடுக்கிட்டார்கள். நுரையீரல் காசநோயிலிருந்து பி.சி.ஜி. பாதுகாக்கவில்லை. பதினைந்து ஆண்டுக் கணக்கும் அதையே உறுதிசெய்தது. பெரியவர்களுக்குப் பாதுகாப்பே இல்லை. குழந்தைகளிடம் கண்ட பாதுகாப்பு 27 சதவீதம். அதுவும் தற்செயலாகக்கூட வந்திருக்கலாம் என்று புள்ளியியல் எச்சரிக்கும் அளவு பலவீனமான எண்.

அரசுக்கு இது கசப்பான முடிவு. ஆண்டுக்கணக்கில் மக்களிடம் சொல்லிவந்ததற்கு மாறானது. ஆயினும் வெளியிட்டார்கள். அதனால் பி.சி.ஜி. குப்பைக்குப் போய்விடவில்லை. மூளையுறைக் காசநோய், உடலெங்கும் பரவும் காசநோய் ஆகிய கொடிய வடிவங்களிலிருந்து கைக்குழந்தைகளை அது நன்றாகக் காக்கிறது என்பதைப் பிற ஆய்வுகள் நிறுவின. பிறந்தவுடன் ஒரு ஊசி, எதிர்பார்ப்பு இவ்வளவுதான் என்று கொள்கை தெளிவடைந்தது. பெரியவர்களின் காசநோயை ஊசியால் ஒழித்துவிடலாம் என்ற கனவைக் கைவிட்டு, நோயாளியைக் கண்டுபிடித்து மருந்து தரும் பாதையில் ஊன்றி நிற்கவேண்டும் என்பதும் உறுதியானது. பதினைந்து ஆண்டுச் செலவு, அதைவிடப் பன்மடங்கு பெரிய வீண்செலவைத் தடுத்தது.

எண்ணுவது என்றால் என்ன

இத்தகைய மாபெரும் சோதனையை ஒவ்வொரு தடுப்பூசிக்கும் நடத்த முடியாது. உரிமம் பெற்று நடைமுறைக்கு வந்துவிட்ட ஊசியை ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு மறுத்து, வெற்று ஊசி போட்டு ஒப்பிடுவது அறமும் ஆகாது. எனவே வேறு வழிகள் உருவாயின.

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டாவைரஸை எடுத்துக்கொள்வோம். கண்காணிப்பு வலையில் உள்ள ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டு. கண் குழிந்து, நாக்கு வறண்ட எட்டு மாதக் குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டியால் புகட்டிக்கொண்டிருக்கிறார் தாய். ஆய்வுப் பணியாளர் ஒருவர் அனுமதி கேட்டு, மூடி போட்ட சிறு டப்பாவில் மலத்தைச் சேகரிக்கிறார். தாய் சேய் நல அட்டை இருக்கிறதா என்கிறார். அவசரத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததாகப் பதில் வருகிறது. பணியாளர் பிறகு அந்தக் கிராமத்துக்கே போகவேண்டும், அல்லது கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டைப் புரட்டவேண்டும். எந்தத் தேதியில் எந்தத் தவணை என்பதை அட்டையில் கண்ணால் பார்த்தால்தான் கணக்கில் சேரும். தாயின் நினைவை நம்பி எழுதுவதில்லை. ஆய்வகத்தில் எலைசா சோதனை நடக்கிறது. குழியில் நிறம் மாறினால் ரோட்டாவைரஸ், மாறாவிட்டால் வேறு ஏதோ காரணத்தால் வந்த வயிற்றுப்போக்கு.

இப்படி ஆயிரக்கணக்கான குழந்தைகளைச் சேர்த்தபின் ஒரே ஒரு ஒப்பீடு. ரோட்டாவைரஸ் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் தடுப்பு மருந்து எடுத்தவர்கள்? இல்லாத பிள்ளைகளில் எத்தனை பேர்? மருந்து வேலை செய்தால், முதல் குழுவில் மருந்து எடுத்தவர்கள் குறைவாக இருப்பார்கள். இரு குழுவும் அதே நோய்க்குறியோடு அதே மருத்துவமனைக்கு வந்தவர்கள் என்பதால், வசதி, தூரம், மருத்துவமனைக்கு வரும் பழக்கம் போன்ற வேறுபாடுகள் பெரும்பாலும் சமன்பட்டுவிடுகின்றன.

இந்த ஒப்பீடு இல்லாமல் வெறும் நோயாளிப் பட்டியலைப் பார்த்தால் எவ்வளவு ஏமாறுவோம் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. ஓர் ஊரில் 1,000 குழந்தைகள். 950 பேர் தட்டம்மை ஊசி போட்டவர்கள். ஊசியின் பாதுகாப்பு 90 சதவீதம். நோய் எல்லோரையும் தொடுகிறது. ஊசி போடாத 50 பேருக்கும் தட்டம்மை வரும். போட்டவர்களில் பத்தில் ஒருவர் வீதம் 95 பேருக்கு வரும். நோயாளிகள் 145 பேரில் மூன்றில் இரண்டு பங்கு ஊசி போட்டவர்கள். இதைப் பார்த்து ‘ஊசியால் பயனில்லை’ என்று வாட்ஸாப்பில் செய்தி பறக்கும். உண்மையில் ஊசி 855 குழந்தைகளைக் காத்திருக்கிறது. மொத்தம் எத்தனை பேர், அவர்களில் ஊசி போட்டவர்கள் எத்தனை பேர் என்ற கீழ்க்கணக்கு கையில் இருக்கும் அரசால் மட்டுமே அந்தச் செய்திக்குப் பதில் சொல்ல முடியும்.

வேலூரில் தெரிந்தது, டெல்லிக்குப் போய்ச் சேர்ந்தது

கண்காணிப்புக்குப் பணம் இல்லாத காலத்தின் விலை என்ன என்பதை போலியோ என்ற இளம்பிள்ளை வாதத்தின் கதையைவிடத் தெளிவாகச் சொல்லும் வேறொரு கதை இல்லை.

1970-களின் தொடக்கத்திலேயே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டி. ஜேக்கப் ஜான் ஒரு சிக்கலைக் கவனித்தார். மூன்று தவணை போலியோ சொட்டு மருந்து கொடுத்த பின்னும், கணிசமான குழந்தைகளின் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவாகவில்லை. மேலைநாடுகளில் மூன்று தவணை கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் போதுமானதாக இருந்தது. மூன்று வகை வைரஸும் கலந்த மருந்தைவிட, ஒரே வகை கொண்ட மருந்து நம் குழந்தைகளிடம் நன்றாக வேலை செய்கிறது என்ற ஆய்வையும் 1976-இல் அவரும் சகாக்களும் வெளியிட்டார்கள். கலவையில் ஒரு வகை மற்றொன்றை அமுக்கிவிடுகிறது. குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் பிற வைரஸ்களும் குறுக்கே நிற்கின்றன.

இது ஓர் ஊரின், ஒரு மருத்துவமனையின் கண்டுபிடிப்பு. நாடு முழுக்க இதே நிலைதானா என்று காட்ட அன்று கருவி எதுவும் இல்லை. போலியோ வந்த குழந்தை எத்தனை தவணை எடுத்தது என்பதை மாவட்டம் மாவட்டமாகச் சேர்க்கும் ஏற்பாடே கிடையாது. திட்டம் அதே கலவையோடு ஓடியது.

1997-இல் இந்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து தேசிய போலியோ கண்காணிப்புத் திட்டத்தை அமைத்தன. அதன் விதி எளிமையானது, கறாரானது. பதினைந்து வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்காவது திடீரென்று கை கால் துவண்டால், காரணம் எதுவாக இருந்தாலும் தகவல் வரவேண்டும். துவளல் தொடங்கிய 14 நாளுக்குள், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் எடுக்கவேண்டும். பனிக்கட்டி வைத்த பெட்டியில் அவை ஆய்வகம் போய்ச் சேரவேண்டும். 60 நாள் கழித்து மீண்டும் குழந்தையைப் போய்ப் பார்க்கவேண்டும். போலியோ அல்லாத துவளலைக்கூட ஒரு லட்சம் குழந்தைக்குக் குறைந்தது ஒன்று வீதமாவது கண்டுபிடிக்காத மாவட்டம், ‘இங்கே போலியோ இல்லை’ என்று சொல்லிக்கொள்ள முடியாது. தேடவில்லை என்றுதான் அதற்குப் பொருள்.

நோயைத் துரத்துவதற்காக விரித்த இந்த வலை, மருந்தின் வலிமையை அளக்கும் கருவியாகவும் பயன்பட்டது. போலியோ வந்த குழந்தைகளும், வேறு காரணத்தால் துவண்ட குழந்தைகளும் எத்தனை தவணை எடுத்திருந்தார்கள் என்பதை ஒப்பிட்டார்கள். உத்தரப் பிரதேசத்தில் கலவை மருந்தின் ஒரு தவணை தந்த பாதுகாப்பு சுமார் 11 சதவீதம்தான் என்று தெரிந்தது. 2005-இல் கொண்டுவந்த ஒற்றை வகை மருந்தின் ஒரு தவணைக்கு சுமார் 30 சதவீதம் இருந்தது. ஒவ்வொரு தவணையும் தனித்தனியாக வேலை செய்வதாக வைத்துக் கணக்குப் போட்டால், முதல் மருந்தைப் பத்துத் தவணை கொடுத்தும் நூற்றில் முப்பது குழந்தைகளுக்குப் பாதுகாப்பு இராது. இரண்டாவதை ஐந்து தவணை கொடுத்தாலே எண்பதுக்கு மேற்பட்டவர்கள் காக்கப்படுவார்கள். ‘எத்தனை தரம் சொட்டு மருந்து கொடுத்தும் பிள்ளைக்குக் கால் போய்விட்டதே’ என்று உத்தரப் பிரதேசத்துத் தாய்மார் சொன்னது மூடநம்பிக்கை இல்லை. அந்தக் குறையைக் கண்காணிப்பு எண்ணாக மாற்றித் தந்தது.

ஒற்றை வகை மருந்து முதல் வகை வைரஸை அமுக்கியபோது மூன்றாம் வகை தலைதூக்கியது. அதையும் இதே வலை காட்டியது. 2010-இல் இரண்டையும் சேர்த்த இருவகை மருந்து வந்தது. 2009-இல் 741 ஆக இருந்த போலியோ நோயாளிகள் 2010-இல் 42 ஆனார்கள். 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் நோயுற்ற ஒரு குழந்தையோடு இயற்கையான போலியோ வைரஸின் கதை இந்தியாவில் முடிந்தது. 2014 மார்ச் 27-இல் போலியோ ஒழிந்ததற்கான சான்றிதழ் வந்தது.

1976-இன் ஆய்வுக்கும் 2005-இன் கொள்கைக்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டு. இந்தத் தாமதத்துக்குப் பல காரணங்கள் உண்டு. உலக நிறுவனங்களின் பிடிவாதம், மருந்துக் கம்பெனிகளின் உற்பத்தி வரிசை, அரசின் முன்னுரிமைகள் என்று அடுக்கலாம். ஆனால் வேலூரின் உண்மையை நாட்டின் உண்மையாக நிறுவிக்காட்டத் தேவையான தினசரிக் கணக்கு இல்லாதது அவற்றுள் முக்கியமானது.

இறங்கிய கோடு ஏறியபோது

பிரிட்டனின் அனுபவம் வேறொரு பாடம் சொல்கிறது. ஹிப் என்ற பாக்டீரியா சிறு குழந்தைகளுக்கு மூளையுறை அழற்சியைத் தருவது. அதற்கான ஊசியை 1992-இல் பிரிட்டன் தொடங்கியது. இரண்டு, மூன்று, நான்காம் மாதங்களில் மூன்று தவணை, பிறகு ஊக்க ஊசி கிடையாது. தொடக்கத்தில் நான்கு வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் ஒருமுறை கூடுதலாகப் போட்டார்கள். நோய் மளமளவென்று விழுந்தது. வேலை முடிந்தது என்று கருதி எண்ணுவதை நிறுத்தியிருக்கலாம். ஆனால் அரசின் பொதுச் சுகாதார ஆய்வகங்கள் ஒவ்வொரு ஹிப் நோயாளியையும் பதிவு செய்துகொண்டே இருந்தன. 1999-க்குப் பிறகு கோடு மெல்ல மேலேறுவதைக் கண்டன. நோயுற்றவர்களில் பலர் மூன்று தவணையும் போட்டவர்கள்.

முதல் ஆண்டில் போட்ட ஊசியின் வலு சில ஆண்டுகளில் தேய்ந்துவிடுகிறது, தொடக்ககாலக் கூடுதல் ஊசிதான் அந்தத் தேய்வை மறைத்து வைத்திருந்தது என்று புரிந்தது. வேறு வகைக் கூட்டு ஊசி ஒன்றைச் சில காலம் பயன்படுத்தியதும் நிலைமையை மோசமாக்கியிருந்தது. 2003-இல் ஊக்க ஊசி இயக்கம் நடத்தினார்கள். 2006 முதல் ஓராண்டு நிறைந்த குழந்தைகளுக்கு ஊக்க ஊசி அட்டவணையிலேயே சேர்ந்தது. 1999-இல் உலகிலேயே முதலாவதாக அங்கே அறிமுகமான மெனிங்கோகாக்கஸ் சி ஊசிக்கும் இதே கதைதான். கைக்குழந்தைகளுக்குப் போட்ட ஊசியின் பாதுகாப்பு ஓராண்டிலேயே சரிந்துவிடுவதைக் கண்காணிப்பு காட்டியது, அட்டவணை மாறியது.

உரிமத்துக்கு முந்திய சோதனைகள் எதிலும் இவை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நோய் பரவலாக இருக்கும்வரை, ஊசி போட்ட குழந்தையின் உடலும் அவ்வப்போது கிருமியைச் சந்தித்து எதிர்ப்பைப் புதுப்பித்துக்கொள்கிறது. நோய் அருகியபின்தான் ஊசியின் தனி வலிமை எவ்வளவு நாள் தாங்கும் என்பது வெளிப்படும். ஒரு தடுப்பூசியை மிகக் கவனமாகக் கண்காணிக்கவேண்டிய காலம், அது வெற்றி பெற்றதாகத் தோன்றும் காலம்தான். நிதித்துறை கைவைக்க மிக எளிதான காலமும் அதுவே.

முன்கணக்கு இல்லாமல் பின்கணக்கு இல்லை

ஊசி வருவதற்கு முன் எத்தனை நோயாளிகள் என்று தெரியாவிட்டால், வந்தபின் எவ்வளவு குறைந்தது என்று சொல்ல வழியில்லை. இந்த விஷயத்தில் இந்தியா ஒருமுறை தாமதமாகவும் ஒருமுறை சரியான நேரத்திலும் நடந்துகொண்டது.

ஹிப் உள்ளிட்ட ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலண்ட் ஊசி 2011 டிசம்பரில் முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரசுத் திட்டத்தில் நுழைந்தது. மூளையுறை அழற்சிக்கான ஐ.சி.எம்.ஆர். மருத்துவமனைக் கண்காணிப்பு வலை 2012 மார்ச்சில் தொடங்கியது. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் அதில் முக்கியப் பங்கு வகித்தன. வலை வந்தபோது இரு மாநிலங்களிலும் ஊசி ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. வேலூர் போன்ற சில இடங்களில் அதற்கு முன்பே ஆராய்ச்சிக்காகச் சேர்த்துவைத்த எண்கள் இருந்ததால்தான் ஒப்பிட ஏதோ மிஞ்சியது.

ரோட்டாவைரஸ் இதற்கு நேர்மாறு. 2005-இலேயே ஐ.சி.எம்.ஆர். ஒரு தேசியக் கண்காணிப்பு வலையைத் தொடங்கியது. வயிற்றுப்போக்கோடு சேர்க்கப்பட்ட ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் சுமார் 40 சதவீதத்தினரிடம் இந்த வைரஸ் இருப்பதை அது ஆண்டுக்கு ஆண்டு காட்டியது. டெல்லி எய்ம்ஸில் பச்சிளங்குழந்தைகளிடம் கண்டெடுத்த ஒரு வைரஸ் ரகத்திலிருந்து இந்தியாவிலேயே உருவான ரோட்டாவாக், டெல்லி, புணே, வேலூர் மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. கடுமையான நோயிலிருந்து அது தந்த பாதுகாப்பு சுமார் 55 சதவீதம். பணக்கார நாடுகளில் ரோட்டாவைரஸ் மருந்துகள் காட்டும் 85-க்கு மேற்பட்ட எண்ணோடு பார்த்தால் இது குறைவு. 2016-இல் ஆந்திரம், ஹரியானா, இமாச்சலப் பிரதேசம், ஒடிசா ஆகிய நான்கு மாநிலங்களில் மருந்து தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2017-இல் வந்தது.

நடைமுறையில் என்ன நடந்தது என்பதை 2016 முதல் 2020 வரை ஒன்பது மாநிலங்களின் 31 மருத்துவமனைகளில் எண்ணிப் பார்த்தார்கள். பாதுகாப்பு 54 சதவீதம். சோதனையில் கண்ட அதே அளவு. வயிற்றுப்போக்குக் குழந்தைகளில் ரோட்டாவைரஸின் பங்கு 40 சதவீதத்திலிருந்து சுமார் 20-க்கு இறங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஐஸ் பெட்டியிலிருந்து, நெரிசலான தடுப்பூசி நாளில், வேறு ஊசிகளோடு சேர்த்துக் கொடுத்தும் மருந்து தன் வலிமையை இழக்கவில்லை. 2005-இல் யாரோ முன்யோசனையோடு தொடங்கிய கணக்கு இல்லாவிட்டால் இந்த நற்செய்தியைச் சொல்லியிருக்கவே முடியாது.

பணத்தின் வழி

தடுப்பூசியை வாங்குவதற்கான பணமும் அதை எண்ணுவதற்கான பணமும் அரசுக் கணக்கில் வெவ்வேறு குழாய்களில் ஓடுகின்றன. வாங்குவது சுகாதார அமைச்சகத்தின் நிரந்தரத் திட்டச் செலவு. அது ஆண்டுதோறும் வரும், யாரும் கேள்வி கேட்பதில்லை. எண்ணுவது பெரும்பாலும் ‘ஆராய்ச்சி’ என்ற தலைப்பில் வைக்கப்படுகிறது. ஆராய்ச்சி என்றாலே காலவரையறை உண்டு. சில ஆண்டுக்கு ஒரு புராஜெக்ட், அது முடிந்தால் அடுத்த விண்ணப்பம். நடுவில் இடைவெளி விழும். வார்டில் மலம் சேகரிப்பவர், அட்டையைத் தேடிக் கிராமத்துக்குப் போகிறவர், எலைசா செய்கிறவர் எல்லோரும் ‘புராஜெக்ட் ஸ்டாஃப்’. பழகிய கை போய்விட்டால் தரவின் தரமும் போய்விடும்.

இந்த இடைவெளியை வெளிநாட்டு அறக்கட்டளைகளும் அயல்நாட்டு அரசுகளும் நிரப்பிவந்திருக்கின்றன. அதன் ஆபத்து 2025-இல் உலகுக்கே தெரிந்தது. தட்டம்மை, ரூபெல்லா வைரஸ்களை உறுதிப்படுத்தும் 700-க்கு மேற்பட்ட ஆய்வகங்களின் உலக வலைக்கு அமெரிக்க அரசு ஒன்றுதான் படியளந்து வந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 80 லட்சம் டாலர். உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாக அந்த அரசு அறிவித்ததும், அத்தனை ஆய்வகங்களின் கதியும் கேள்விக்குறியானது. உலகமே சேர்ந்து பகிர்ந்தால் ஒரு நாட்டுக்குச் சில்லறைதான் விழும். ஆனால் ஒற்றைப் புரவலரை நம்பியே பல ஆண்டு காலம் ஓட்டியாகிவிட்டது. இந்தியாவில் போலியோ கண்காணிப்பு வலைதான் தட்டம்மையையும் கவனித்துக்கொள்கிறது. போலியோ ஒழிந்தபின் உலக நிதி சுருங்கச் சுருங்க, நம் அரசின் பங்கு கூடவேண்டியிருப்பது இயல்பு. கூடியே ஆகவேண்டும்.

கம்பெனிகளே தங்கள் தயாரிப்பைக் கண்காணித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா? உரிமத்தின் நிபந்தனையாகச் சில ஆய்வுகளை அவை செய்யத்தான் செய்கின்றன. ஆனால் கலவை மருந்தின் ஒரு தவணை 11 சதவீதம்தான் வேலை செய்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதில் விற்பவருக்கு என்ன ஆர்வம் இருக்கும்? வாங்குபவர்தான் எடை போட்டுப் பார்க்கவேண்டும். இந்தியாவில் குழந்தைத் தடுப்பூசிகளின் மிகப் பெரிய வாடிக்கையாளர் அரசு.

இரண்டு ஆட்சேபங்கள்

எண்ணுவதற்குச் செலவழிக்கும் பணத்தில் இன்னும் நாலு குழந்தைக்கு ஊசி போடலாமே என்பது முதலாவது. எளிய மனிதர்களின் நியாயமான கேள்வி. போலியோவே இதற்கு விடை. நாடு தழுவிய ஒரு சொட்டு மருந்து நாளில் சுமார் 17 கோடிக் குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தோம். கையிலிருக்கும் மருந்தின் ஒரு தவணை 11 சதவீதமா, 30 சதவீதமா என்று தெரியாமல் அப்படிப்பட்ட சுற்றுகளை அடுக்கிக்கொண்டே போவதில் கரையும் பணத்துக்கு முன்னால் கண்காணிப்பின் செலவு பொருட்டே இல்லை.

ஊசியின் குறையை அரசே அச்சிட்டு வெளியிட்டால் எதிர்ப்பாளர்களுக்கு வாய்ப்பாகிவிடும் என்பது இரண்டாவது. அதிகாரிகளின் மனத்தில் உள்ள உண்மையான அச்சம் இது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா இயக்கம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது வாட்ஸாப் வதந்திகளால் பெற்றோர் பின்வாங்கினார்கள், இயக்கத்தின் காலத்தை நீட்டிக்கவேண்டி வந்தது. ஆனால் அந்த வதந்திகள் எதுவும் அரசின் ஆய்வறிக்கையிலிருந்து பிறந்தவை அல்ல. கணக்கு இல்லாத வெற்றிடத்தில்தான் அவை முளைத்தன. மாறாக, பி.சி.ஜி. பெரியவர்களைக் காக்கவில்லை என்று செங்கல்பட்டில் அரசே கண்டுபிடித்து அரசே வெளியிட்டது. இன்று இந்தியக் குழந்தைகளில் 95 சதவீதம் பேர் பி.சி.ஜி. பெறுகிறார்கள் என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. குறையைச் சொன்னதால் நம்பிக்கை சாகவில்லை.

அடுத்து என்ன

நிமோகாக்கல் ஊசி 2017-இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021-இல் நாடெங்கும் விரிந்தது. அரசுத் திட்டத்தில் சேர்ந்த விலையுயர்ந்த ஊசிகளில் ஒன்று அது. நிமோனியாவைத் தரும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஊசி சிலவற்றைத்தான் தடுக்கும். அமெரிக்காவில் 2000-இல் ஏழு வகைக்கான ஊசி வந்தபின், அதில் இல்லாத 19ஏ என்ற வகை காலியான இடத்தைப் பிடித்தது. அங்கே 1995 முதலே நடந்துவந்த அரசுக் கண்காணிப்பு அதைக் காட்டிக்கொடுத்தது. 2010-இல் 19ஏ-யையும் சேர்த்த 13 வகை ஊசி வந்தது. நம் குழந்தைகளிடம் எந்த வகை குறைகிறது, எந்த வகை இடம்பிடிக்கிறது என்பதை இனி ஆண்டுதோறும் பார்த்தாகவேண்டும்.

அதற்குப் புதிய நிறுவனம் எதுவும் கட்டத் தேவையில்லை. ஆய்வகங்கள் இருக்கின்றன, வல்லுநர்கள் இருக்கிறார்கள். அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யூ-வின்னில் ஒவ்வொரு குழந்தையின் தவணையும் மின்பதிவாகத் தொடங்கியிருக்கிறது. அதை மருத்துவமனைப் பதிவோடு, தனிமனித அடையாளங்களைக் காத்து, இணைத்தால் அட்டையைத் தேடி அலையும் செலவில் பாதி மிச்சம். வேண்டியது நிதியின் வடிவத்தில் ஒரு மாற்றம். ஒரு தடுப்பூசியைத் திட்டத்தில் சேர்க்க அமைச்சகம் முடிவெடுக்கும்போதே, அது வருவதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளுக்கும் வந்ததற்குப் பிந்திய பல ஆண்டுகளுக்குமான கண்காணிப்புச் செலவை ஊசியின் விலையோடு சேர்த்தே ஒதுக்கவேண்டும். அந்தப் பணியாளர்கள் நிரந்தரப் பணியிடங்களில் இருக்கவேண்டும். கண்டது நல்லதோ கெட்டதோ, ஆண்டுதோறும் வெளியிடப்படவேண்டும்.

தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லும் உரிமை அரசுக்கு நிச்சயம் உண்டு. எவ்வளவு பயன் என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், தன் மண்ணில் தன் பணத்தில் எண்ணிய விடையைச் சொல்லும் பொறுப்பு அந்த உரிமையிலேயே அடங்கியிருக்கிறது. கண்காணிப்பு நிதியை வெட்டும் அரசு மிச்சப்படுத்துவது பணம் போலத் தெரியும். உண்மையில் அது இழப்பது, அடுத்த முறை மக்களிடம் பேசுவதற்கான ஆதாரத்தை.